ஹார்ட் டிஸ்க்கும் 11.47 பேருந்தும்

1

இந்தக் கதை ஒரு துண்டுக் காகிதத்திலிருந்து வந்தது. கனவில் வந்தது, மழையில் நனையும்போது வந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் காகிதம் பத்திரமாக இருக்கும்போது அப்படிப் புளுக முடியாது. உள்ளங்கை அகலம், மேல் ஓரத்தில் ஒரு துளை, என் கையெழுத்தில் ஏழு வரிகள். நான்காவது வரியிலிருந்து ஓர் அம்புக்குறி கிளம்பி, இரண்டு வரிகளைத் தாண்டி, முதல் வரியின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த அம்புக்குறி எப்படி வந்தது என்பதுதான் கதை. இவ்வளவுதானா என்று கேட்டு எழுந்துவிடாதீர்கள். எனக்கு இதை எழுத மூன்று வாரம் ஆயிற்று.

முதல் வாரம் முழுக்க முதல் வரிக்கே போனது.

"அன்று திங்கட்கிழமை. கணினி கண் திறக்க மறுத்—" (கணினிக்குக் கண் கிடையாது. அடித்துவிட்டேன்.)

"கரிய திரையில் வெள்ளை எழுத்துகள் விண்மீன்களைப் போ—" (சே.)

"நான் மணமாகாதவன்."

இந்த மூன்றாவது வரி எனக்குப் பிடித்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆறு பக்கம் ஓடிவிட்டேன். கதைசொல்லிக்கு மனைவி இல்லையென்றால் அந்தக் காகிதத்தால் வம்பும் இல்லை. அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு இருந்தது.

(* அப்படியா? எப்பத்திலேருந்து?)

ஆகவே மனைவி கதைக்குள் திரும்பி வந்துவிட்டாள். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தமும் ஆயிற்று. அவள் என் வாக்கியங்களைத் தொடமாட்டாள். நான் அவள் பென்சிலை அழிக்கமாட்டேன். இனி நட்சத்திரம் போட்டு வருவதெல்லாம் அவளுடையது.

2

என் மனைவி பேருந்துப் பணிமனையில் கால அட்டவணைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று போடுகிற வேலை. எல்லாரும் மணி பார்ப்பார்கள். இவள் மணியை நிறுத்துப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் "இதோ அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் பதினேழு நிமிடம் கழித்து வந்தேன். இன்றுவரை அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைச் சொல்லிக் காட்டுகிறாள்.

(* பதிமூணு.)

பதினொரு மாதமாக வீட்டுக் கணினியில் அவள் ஒரு புதிய அட்டவணை செய்துகொண்டிருந்தாள். மேலிடம் சொல்லிச் செய்ததில்லை. ஒரு பேருந்தில் வந்து இறங்குபவர், அடுத்த பேருந்துக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. அது அவளுடைய பிடிவாதம். விடுமுறை நாட்களில் முப்பத்தொரு வழித்தடங்களிலும் நேரமானியோடு ஏறி இறங்கினாள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஆன நேரத்தைச் சீட்டுகளில் குறித்துவந்து, மாலையில் உட்கார்ந்து கணினியில் ஏற்றினாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் மேலாளர் புதிய யோசனைகளைக் கேட்பார். இந்த முறை அந்தக் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு.

அந்த வாரத்துத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கணினியை முடுக்கினேன். திரை கறுப்பாகவே இருந்தது. துவங்குவதற்கான வட்டு எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு வரி. பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு நகத்தால் தட்டுவது மாதிரி.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான் என்று எனக்கு இப்போது தெரியும். அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தெரிந்தவரிடம் எடுத்துப் போவான். நான் அணைத்தேன், முடுக்கினேன். அணைத்தேன், முடுக்கினேன். பக்கவாட்டில் தட்டினேன். தலைகீழாக வைத்தேன். பதினொரு முறை ஆனதும் மச்சானுக்குப் போன் போட்டேன். மனைவியின் தம்பி.

"டிக் டிக்னு வருதா? அது சூடு மச்சான். கழட்டி ஃபிரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வைங்க. ஜம்முனு ஓடும்."

(மச்சான் ஃபிரிட்ஜ் விற்பவர். எந்தக் கோளாறானாலும் அவரிடம் மருந்து அது ஒன்றுதான். இதை நான் போன் போடுவதற்கு முன்னால் யோசித்திருக்க வேண்டும்.)

எட்டே காலுக்கு மனைவி ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"ஏங்க, முட்டை வைக்கிற இடத்துல இது என்ன?"

சொன்னேன். அவள் ஃபிரிட்ஜ் கதவை மூடினாள். அப்புறம் ரொம்பப் பொறுமையாகக் கேட்டாள்.

"என் அட்டவணை ரெண்டு இடத்துல இருக்குன்னு சொன்னீங்களே?"

"ஆமா. சி-யில ஒண்ணு, டி-யில ஒண்ணு."

"டி எங்க இருக்கு?"

நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன்.

"அதுவும் முட்டை பக்கத்துலதானா?" என்றாள்.

விஷயம் புரியாதவர்களுக்கு: சி, டி என்பவை ஒரே வட்டைக் கோடு போட்டுப் பிரித்த இரண்டு அறைகள். வீடு எரிந்தால் இரண்டும் எரியும். எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரியும், ஆனால் நினைத்துப் பார்க்கவில்லை. இன்னும் ஒன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதற்கு முந்தைய மாதம் அவள் ஒரு பை நிறைய அளவுச் சீட்டுகளை வைத்துக்கொண்டு, "இதெல்லாம் தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டாள். "தாராளமா போடு. அதான் ரெண்டு இடத்துல இருக்கே" என்றேன். போட்டுவிட்டாள். என் பேச்சை நம்பிப் போட்டுவிட்டாள்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வெள்ளிக்கிழமை பத்து மணி" என்று மட்டும் சொன்னாள். பணிமனையில் யாரோ எப்போதோ சொன்ன ஒரு முகவரியை எழுதி மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். செருப்பை மாட்டும்போது இடது காலை வலதில் விட்டு, எடுத்து மாற்றிக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

3

(இந்தப் பகுதியை நான் நான்கு தரம் மாற்றி எழுதினேன். வரப்போகிறவர்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நிஜத்தில் இருக்கிற ஆள்தான். ஆனால் எழுதினால் இட்டுக்கட்டியது மாதிரி இருக்கிறார். கொஞ்சம் சாதாரணமாக்கலாம் என்று ஒரு வரைவில் அவருக்கு ஜலதோஷம் வரவைத்தேன். அந்த வரைவு முழுக்கத் தும்மலாகப் போனதால் விட்டுவிட்டேன்.)

செருப்புக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. ஒரே அறை. மூன்று மேசைகள், மேசைக்கு மேசை விளக்கு. எல்லாரும் அவரை டிஸ்க் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐம்பது வயதிருக்கும். குட்டை முடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பூதக்கண்ணாடி. நான் நீட்டியதை வாங்கினார்.

"எத்தனை தடவை ஆன் பண்ணீங்க?"

"ஒரு ரெண்டு தடவை..."

ஒரு காகிதத்தில் பத்து என்று எழுதிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டுன்னு சொல்றவங்க எல்லாரும் பத்துதான். ஒண்ணுன்னு சொன்னா இருபது போடுவேன்" என்றார். "இது ஏன் இவ்வளவு ஜில்லுனு இருக்கு?"

அசடு வழிந்தபடி மச்சானைப் பற்றிச் சொன்னேன்.

"என்ன பண்றார் மச்சான்?"

"ஃபிரிட்ஜ் விக்கிறார்."

"அதானே" என்றார் டாக்டர். சிரிக்கவில்லை.

ஈரம் போக அரை மணி நேரத்துக்கு மேல் காயவைத்தார். பிறகு தன் கருவியில் மாட்டி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். எனக்கும் புரிகிற மாதிரி விளக்கினார். உள்ளே தட்டு சுற்றுகிறது. அதன்மேல் ஊசி மாதிரி ஒன்று போய்வந்து படிக்கிறது. தட்டு நன்றாக இருக்கிறது. ஊசிதான் தளர்ந்துவிட்டது.

"இன்னும் கொஞ்ச நேரம் படிக்கும். ஒரு மணி நேரமா, நாலு மணி நேரமா, எனக்குத் தெரியாது. நின்னுடுச்சுன்னா நின்னதுதான். அதனால எல்லாத்தையும் எடுக்கப் பாக்க மாட்டேன். உங்களுக்கு எது வேணும்னு வரிசையா எழுதுங்க. முதல்ல எழுதுறது கிடைக்கும். கடைசியில எழுதுறதுக்கு ஆசைப்படாதீங்க."

துளை போட்ட அந்தச் சின்னக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். ஏழு வரிகள். பக்கத்தில் ஒரு பேனா.

நான் முதல் வரியில் என் மனைவியின் அட்டவணையை எழுதினேன்.

(* காகிதம் என் கைப்பையிலதான் இருக்கு. ஒருதரம் பாத்துட்டு எழுதுங்க.)

4

சரி.

நான் முதல் வரியில் எழுதியது: நாவல்.

ஒன்பது வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். இதை நீங்கள் என் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒன்பது பெரிதா, பதினொன்று பெரிதா என்றால் ஒன்பது வருடம்தான் பெரிது, பதினொரு மாதமில்லை. அப்படித்தான் அந்த நேரத்தில் எனக்கு ஓடியது. இரண்டாவது வரி: சிறுகதைகள். மூன்றாவது: பத்திரிகை ஆசிரியர்களுக்கு எழுதிய கடிதங்கள். நான்காவது: அட்டவணை. ஐந்து புகைப்படங்கள். ஆறும் ஏழும் என்னவென்று சொன்னால் மானம் போய்விடும்.

(* ஆறாவது, இவர் ரேடியோவுல பேசினது. நாலு நிமிஷம். ஏழாவது, அதையே மறுபடி.)

ஏன் நான்காவது? நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். அவள் ஜாக்கிரதைக்காரி, எங்கேயாவது இன்னொரு பிரதி வைத்திருப்பாள் என்று நினைத்தேன். இப்படி எழுதும்போதே பேனா கூசுகிறது. வைத்திருக்கவில்லை என்பது முட்டைப் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. உண்மை என்னவென்றால், பேனாவைக் கையில் எடுத்ததும் என் கை தன் பாட்டுக்கு நாவல் என்று எழுதிவிட்டது. அதன்பின் நான் கையோடு சண்டை போடவில்லை.

டாக்டர் காகிதத்தை வாங்கி, நாவல் இருந்த கோப்புறையைத் திறந்து பார்த்தார்.

"இருபத்தினாலு அத்தியாயம்தானே? இங்க நூத்தி எழுபது கோப்பு இருக்கு. 'இறுதி'ன்னு ஒண்ணு. 'நிஜமான இறுதி'ன்னு ஒண்ணு. 'இதுதான்'னு ஒண்ணு. 'இது இல்லை, முந்தையது'ன்னு ஒண்ணு. எது வேணும்?"

எனக்குத் தெரியவில்லை. எந்த அத்தியாயத்துக்கு எது கடைசி வடிவம் என்று சத்தியமாக எனக்கே தெரியவில்லை. கையால் எழுதிய பக்கங்களின் படங்கள் வேறு ஆயிரக்கணக்கில் கூடவே கிடந்தன.

"அப்ப எல்லாத்தையும் எடுக்கணும்" என்றார். "ஒரே கோப்பா இருந்தா அஞ்சு நிமிஷம். இது பாதி நாள் ஓடும். ஊசி தாங்குமான்னு பாப்போம்."

காகிதத்தின் ஓரத்தில் 11.20 என்று குறித்தார். கருவி முனக ஆரம்பித்தது. நீங்கள் இங்கே நிற்க வேண்டியதில்லை என்றார். இறங்கிவிட்டேன்.

5

செருப்புக் கடையிலிருந்து பேருந்துச் சந்திப்புக்கு நான்கு நிமிட நடை. நான் போய்ச் சேரும்போது என் பேருந்தின் பின்பக்கம் திருப்பத்தில் மறைந்துகொண்டிருந்தது. அடுத்தது 11.47. இருபத்து மூன்று நிமிடம்.

சந்திப்பு என்றால் ஒரு கூரை, இரண்டு நீளப் பலகைகள், கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு சின்ன அறை. அறைக்குள் நேரக் காப்பாளர் உட்கார்ந்து, வருகிற போகிற பேருந்தையெல்லாம் ஒரு பெரிய பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் பலகையில் உட்கார்ந்த மறுநிமிடமே மருத்துவமனைப் பக்கத்திலிருந்து ஒரு பேருந்து வந்தது. அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். யாரும் ஓடவில்லை. என் பேருந்து அப்போதுதான் போயிருக்கும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. சீருடை போட்ட ஒரு செவிலியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, விரல்களை மடக்கி நீட்டினார்.

"இன்னும் இருபத்திரெண்டு நிமிஷம்" என்றார். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

"தினமும் இப்படித்தானா?"

"நாலு வருஷமா. நாங்க வந்து இறங்கறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி அது கிளம்பிடும். ரெண்டே ரெண்டு நிமிஷம் சார். பொண்ணுக்குப் பன்னெண்டு மணிக்கு ஸ்கூல் விடும். போய்ச் சேர முடியாது. பக்கத்து வீட்டுக்காரங்கதான் கூட்டிட்டு வராங்க. அவங்களும் எத்தனை நாளைக்குச் செய்வாங்க?" மூச்சு விட்டுவிட்டு, "எந்த மகராசன் உக்காந்து இந்த டைம் போட்டானோ. அவன் ஒருநாள் இங்க வந்து உக்காரணும்" என்றார்.

இதை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் இவ்வளவு பொருத்தமாகச் சேர்த்திருக்க மாட்டேன். யாரும் நம்பமாட்டார்களே என்று பயந்திருப்பேன்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. அந்த இரண்டு நிமிடத்தை என் மனைவிக்குத் தெரியும். பதினொரு மாதமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் பேச்சு. "அந்தச் சந்திப்புல மட்டும் ஆறு நிமிஷம் தள்ளிப் போட்டா போதும்ங்க, எத்தனை பேர் மூச்சு விடுவாங்க தெரியுமா?" என்பாள். நான் ம் கொட்டிவிட்டு என் பன்னிரண்டாவது அத்தியாயத்தைப் பற்றி யோசிப்பேன். இப்போது அந்த ஆறு நிமிடமும் செருப்புக் கடைக்கு மேலே ஒரு பெட்டிக்குள், வரிசையில் நான்காவதாக, ஆசிரியர்களுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

"எங்க வீட்டுல ஒருத்தங்க அதைச் சரி பண்ணிட்டாங்க" என்றேன் செவிலியரிடம்.

"என்னது சார்?"

"அந்த ரெண்டு நிமிஷம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

(யோசித்துப் பாருங்கள். அவளுடைய புதிய அட்டவணை அன்று நடைமுறையில் இருந்திருந்தால், ஐந்து நிமிடத்தில் பேருந்து வந்திருக்கும். நான் ஏறிப் போயிருப்பேன். நாவல் பிழைத்திருக்கும், அட்டவணை போயிருக்கும். யாரோ தப்பாகப் போட்ட நேரம்தான் எனக்கு வெட்கப்பட அவகாசம் கொடுத்தது. இதை அவளிடம் சொன்னபோது, தன் வேலைக்கு எதிராக இதுவரை யாரும் இப்படி ஒரு காரணம் சொன்னதில்லை என்றாள்.)

6

மறுபடி இரண்டு மாடி ஏறினேன். டாக்டர் கருவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"முதல் வரியை நிறுத்திட்டு நாலாவதை எடுக்க முடியுமா?" என்றேன். மூச்சு வாங்கியது.

அவர் பூதக்கண்ணாடியை இறக்கினார். "முடியும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. உங்க நாவல் தட்டோட இந்த ஓரத்துல இருக்கு. நாலாவது அந்த ஓரத்துல. ஊசி அவ்வளவு தூரம் போனா, திரும்பி வந்து படிக்கும்னு நான் சொல்ல மாட்டேன். வந்தா உங்க அதிர்ஷ்டம்."

"இதுவரைக்கும் எவ்வளவு வந்திருக்கு?"

"கொஞ்சம்."

"நாலாவதுல என்ன இருக்குன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"நான் கேக்கறதில்லை. கேட்டா எனக்குக் கை நடுங்கும்" என்றார்.

இந்த இடத்தில் கதாநாயகன் சன்னல் வழியே வானத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவது வரைவில் பார்த்தான். அரைப் பக்கம் பார்த்தான். நான் பார்த்தது, கருவியில் மினுங்கிய ஒரு பச்சை விளக்கையும், எதிர்ச்சுவரில் ஆணியில் மாட்டியிருந்த ஒரு மஞ்சள் குடையையும். ஒன்பது வருடம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த ஒன்பது வருடம். வலித்தது. ரொம்பவே வலித்தது. ஆனால் காலையில் அவள் செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டது கண்முன்னால் வந்தது.

"நாலாவதை எடுங்க" என்றேன்.

"அப்ப நீங்களே அம்பு போடுங்க. நான் போட்டா நாளைக்கு என்னைச் சொல்வீங்க."

போட்டேன். கோணலாகத்தான் வந்தது.

7

அட்டவணை ஒன்றேகால் மணிக்கு வந்து சேர்ந்தது. முப்பத்தொரு வழித்தடமும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கான தாள் மட்டும் கிடைக்கவில்லை. பிறகு ஊசி நாவலுக்குத் திரும்பியது. அரை நிமிடம் முனகி, இரண்டு தரம் டிக் என்றது. அப்புறம் சத்தமே இல்லை. டாக்டர் விளக்கை அணைத்தார். யாருக்கோ மரியாதை செய்வது மாதிரி இருந்தது.

நாவலில் தேறியது: முதல் அத்தியாயம், பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்றில் பாதி. நடுவில் உள்ள எட்டும் எங்கே போயிற்று என்று கேட்டேன். அந்தக் கருவி எண்களை எண்ணாகப் படிக்காதாம், எழுத்தாகத்தான் படிக்குமாம். ஒன்றில் ஆரம்பிப்பதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் இரண்டுக்கே போகுமாம்.

அதை மட்டும் டாக்டர் அப்போதே அச்செடுத்துக் கொடுத்தார். அன்று மாலை மனைவி அதைப் படித்தாள். ஒன்பது வருடத்தில் அவள் அதைப் படிப்பது அதுதான் முதல் தடவை. நான் காட்டியதே இல்லை.

"நல்லாத்தாங்க போகுது" என்றாள். "ஒண்ணாவதுல வீட்டை விட்டுக் கிளம்பறான். பத்தாவதுல போய்ச் சேர்ந்துடறான். நடுவுல எங்கயும் நிக்கலை. எக்ஸ்பிரஸ்."

"நடுவுல எட்டு அத்தியாயம் இருந்துச்சு."

"என்ன நடந்துச்சு அதுல?"

யோசித்தேன். "யோசிச்சுட்டே இருந்தான்."

அவள் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டாள். முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எனக்கும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் தாளை அவள் மூன்று மாலைகளில் நினைவிலிருந்தே போட்டு முடித்தாள். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு ஒன்பது ஐம்பத்திரண்டுக்குப் போய் உட்கார்ந்தாள். மேலாளர் முதலில் முகத்தைச் சுளித்தாராம். பிறகு அந்தச் சந்திப்பைச் சேர்ந்த மூன்று வழித்தடங்களில் ஆறு மாதம் நடத்திப் பார்க்கலாம் என்றாராம். இப்போது அங்கே என் பேருந்துக்கு ஐந்து நிமிடம்தான் காத்திருப்பு. அங்கே நின்று மனம் திருந்த இனி யாருக்கும் நேரம் கிடைக்காது.

(* இது பாராட்டா, குறையா?)

8

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். எல்லாரும் சுகம். ஆனால் டாக்டர் ஒழுங்கான ஆள். மறுநாள், அதாவது செவ்வாய்க்கிழமை, மீட்டதையெல்லாம் ஒரு புதிய வட்டில் போட்டு உறையில் வைத்தவர், கூடவே அந்தக் காகிதத்தையும் வைத்துவிட்டார். உறையை வாங்கி வந்தது நானில்லை. வேலையிலிருந்து திரும்பும் வழியில் என் மனைவி வாங்கி வந்தாள்.

காகிதத்தை மேசைமேல் வைத்து, இரண்டு கையாலும் நீவினாள்.

"நாலாவது" என்றாள்.

"ம்."

"மூணாவது, ஆசிரியர்களுக்கு எழுதின கடிதம். பதிலே வராத கடிதம்."

"ஒண்ணுக்கு வந்துச்சு."

"என்னன்னு?"

"முகவரி மாறிடுச்சுன்னு."

அவள் கோபப்படவில்லை என்று எழுத ஆசை. முகம் சின்னதாகிவிட்டது. அதுதான் உண்மை. ஆனால் பிறகு அவள் கண் காகிதத்தின் ஓரத்துக்குப் போயிற்று. அங்கே டாக்டரின் கையெழுத்தில் நேரம் இருந்தது. நேரத்தைப் பார்த்தால் என் மனைவிக்கு மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்.

"11.20, தொடக்கம்" என்று படித்தாள். "11.52, வாடிக்கையாளர் திரும்பி வந்தார்." பென்சிலை எடுத்தாள். "11.24க்கு ஸ்டாப்புக்குப் போயிருப்பீங்க. 11.23 போயிருக்கும். அடுத்தது 11.47. திரும்ப நாலு நிமிஷம் நடை. அப்ப 11.48க்கு ஸ்டாப்பை விட்டுக் கிளம்பியிருக்கீங்க. நடந்தீங்களா, ஓடினீங்களா?"

"கொஞ்சம் நடந்தேன். கொஞ்சம் ஓடினேன்."

"அந்த பஸ் சில நாள் சரியா வரும். சில நாள் அஞ்சு நிமிஷம் லேட்டா வரும்." பென்சிலைக் கீழே வைத்தாள். "பஸ் வந்த பிறகு கிளம்புனீங்களா, வரதுக்கு முன்னாடியே கிளம்பிட்டீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படி ஒண்ணு? பஸ் வரலைன்னா, சும்மா உக்காந்திருக்கப் பிடிக்காம எழுந்து போனதா இருக்கலாம். பஸ் வந்து, கதவு திறந்து, அதுல ஏறாம திரும்பிப் போனீங்கன்னா, அது எனக்காகப் போனது."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மச்சான்.

"என்ன மச்சான், ஃபிரிட்ஜ் வேலை செஞ்சுதா?"

மச்சானிடம் பேசி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. திரும்பி வந்தபோது காகிதம் அவள் கைப்பைக்குள் போயிருந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

9

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: பேருந்து வந்தது. செவிலியர் ஏறினார். கதவு திறந்தே இருந்தது. ஓட்டுநர் என்னைப் பார்த்து, வரீங்களா இல்லையா என்று புருவத்தை உயர்த்தினார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். கதவு மூடி—

இரண்டு: பேருந்தின் முகம்கூடத் தெரியவில்லை. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன். பாதி வழியில், முதுகுக்குப் பின்னால் அது வந்து நிற்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க—

என் மனைவிக்கு முதல் முடிவுதான் பிடிக்கும். வந்த பேருந்தை விட்டவன் உசத்தி என்பது அவள் கட்சி. எனக்கு இரண்டாவதன்மேல் ஒரு சாய்வு உண்டு. பேருந்து வரும்வரைகூடப் பொறுக்க முடியாத அளவுக்கு வெட்கப்பட்டவன் என்ன மட்டமா? எது நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் வாயைத் திறந்து சொன்னால் அது கதை விடுவதாகத்தான் இருக்கும். இந்தக் கதையிலேயே ஒருமுறை என்னை மணமாகாதவன் என்றேன். ஒருமுறை அட்டவணையை முதல் வரியில் எழுதினேன். இப்படிப்பட்டவன் சொல்லை எந்த வீட்டில் ஏற்பார்கள்?

ஆகவே இதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். 11.48. சந்திப்பு. ஒரு மனிதன் எழுந்து நிற்கிறான். சாலையில் பேருந்து இருக்கிறதா, இல்லையா? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எந்த முடிவை எடுத்துக்கொண்டாலும் என் மனைவியிடம் மட்டும்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அச்செடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். குளிக்கப் போகிறேன்.)

(* சந்திப்புல நேரக் காப்பாளர் பதிவேடு இருக்கு. அன்னைக்கு அந்த பஸ் எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு அதுல எழுதியிருக்கும். மாசக் கடைசியில அந்தப் பதிவேடு என் மேசைக்குத்தான் வரும். வந்து ஒரு வாரம் ஆச்சு. பக்கத்தைப் புரட்டிப் பாக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். இன்னும் பாக்கலை.)